மாடலைத் தூக்கி எறியாதீங்க!



கண்காட்சி வந்தால் நாம் எல்லோரும் மாடல் செய்கிறோம். எரிமலை, காற்றாலை, மழைநீர் சேகரிப்பு, ரயில் நிலையம். முடிந்ததும் அதெல்லாம் எங்கே போகிறது? முதலில் வகுப்பறை மூலைக்கு, அப்புறம் குப்பைக்கு. அடுத்த வருஷம் மறுபடியும் அம்மாவிடம் காசு கேட்டு தெர்மாகோல் வாங்குகிறோம். இது சரியில்லை என்பது என் கருத்து. மாடலை அளவோடு செய்யணும். உடைந்தால் பழுதுபார்க்கணும். அடுத்த வகுப்புக்குக் கொடுக்கணும். ரயில் நிலைய மாடலை வைத்தே இதைச் சொல்கிறேன்.

"நம்ம சங்கராபுரத்துக்கு ரயிலே இல்லை, ரயில் நிலையம் எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லாததால்தான் வேணும்! ரயில் பார்க்க நாம் சின்னசேலமோ திருக்கோவிலூரோ போகணும். கல்வராயன் மலை ஊர்களிலிருந்து வந்து படிக்கிற தம்பி தங்கைகளில் ரயிலே ஏறாதவங்க இருக்காங்க. அவங்களுக்கு நாம் காட்டுகிற மாடல்தான் முதல் ரயில் நிலையம். அது தப்பான அளவில் இருந்தால் மனசிலும் தப்பாகத்தானே பதியும்?

நாம் எப்படிச் செய்கிறோம்? தீப்பெட்டியை ரயில் பெட்டி என்று ஒட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு அடி உயரத்துக்கு ஸ்டேஷன் வைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டி சுமார் 21.3 மீட்டர் நீளம். அது 5 செ.மீ. தீப்பெட்டி என்றால், 30 செ.மீ. ஸ்டேஷன் 120 மீட்டருக்கு மேல் போகும். நாற்பது மாடி! இந்தியாவில் எந்த ஸ்டேஷன் அப்படி இருக்கு?

நமக்குச் சுலபமான அளவு 1:100. நிஜத்தில் 1 மீட்டர், மாடலில் 1 செ.மீ. ரயில் பெட்டி 21.3 செ.மீ. நீளம், 3.2 செ.மீ. அகலம். அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் 1676 மி.மீ., மாடலில் சுமார் 1.7 செ.மீ. இரண்டு மீட்டர் கதவு 2 செ.மீ. நாம் ஒன்றரை செ.மீ.தான்! ஏணி வைக்காமல் கட்டடத்தின் உயரம் தெரியணுமா? ஒரே நேரத்தில் தோழியின் நிழலையும் கட்டடத்தின் நிழலையும் அளக்கலாம். 150 செ.மீ. தோழிக்கு நிழல் 100 செ.மீ., கட்டடத்துக்கு 400 செ.மீ. என்றால், கட்டடம் 6 மீட்டர். மாடலில் 6 செ.மீ. கணக்குப் பாடம் இங்கேதான் உயிரோடு வருது.

சுவருக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். ஓட்டுக் கூரைக்கு அட்டைப்பெட்டிக்குள் இருக்கிற நெளிநெளியான தாள். தூணுக்கு ஈர்க்குச்சி. ஒட்ட மைதாப் பசை. தெர்மாகோல் வேண்டாம். தின்னர் கலந்த பெயிண்ட் பட்டால் அது கரைந்து குழியாகிவிடும். எரித்தால் வரும் புகையும் கெடுதல்.

இனி முக்கியமான விஷயம். அளவு எழுதி வைத்த மாடலை யார் வேணும்னாலும் பழுதுபார்க்கலாம். அளவு இல்லாத மாடலைச் செய்தவங்களே திரும்பச் சரிசெய்ய முடியாது. ஒரு ஜன்னல் பிய்ந்துபோனால், வரைபடத்தைப் பார்த்து அதே அளவில் புதுசு வெட்டி ஒட்டிவிடலாம். மூலை விட்டுப்போனால் உள்பக்கம் ஒரு மடித்த அட்டைப் பட்டை வைத்து ஒட்டினால் முன்பைவிட உறுதி. வளைந்த சுவரை லேசாக ஈரம் தொட்டு, ஒரு ராத்திரி புத்தகங்களுக்கு அடியில் வைத்தால் நேராகும். எல்லாவற்றுக்கும் முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டணும். தூசியோடு ஒட்டினால் பசை பிடிக்காது.

பெரிய இடங்களிலும் இப்படித்தான். புனேயில் ஜோஷி என்பவர் பொழுதுபோக்காகச் செய்ய ஆரம்பித்த சின்ன ரயில்கள் 1998-இல் அருங்காட்சியகமாயின. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-இல் இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய மாதிரி ரயில் உலகத்தில் 1:87 அளவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரயில்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே நாளில் கட்டியதல்ல. ஒவ்வொரு பகுதியாகச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்தது. பழசை எறிந்திருந்தால் வளர்ந்திருக்குமா?

"பழசை ரிப்பேர் பண்ணினால் அது யார் உழைப்பு? மார்க் யாருக்கு?" என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு நோட்டு போதும். யார் செய்தது, எது உடைந்தது, யார் சரிசெய்தது என்று எழுதி வைத்தால் உழைப்பு தெரிந்துவிடும்.

எனக்கு வருத்தம் எதில் என்றால், கடையில் ரெடிமேடாக விற்கிற மாடலை வாங்கி வந்தால் பரிசு கிடைக்குது. கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, காசில்லை என்று பேரே கொடுக்காமல் ஒதுங்கி நிற்குது. பழுதுபார்க்கிறதும் போட்டியில் சேர்ந்தால், அந்தப் பிள்ளையும் ஒரு பிளேடும் ஸ்கேலும் பசையும் எடுத்து வந்து கலந்துக்கலாம். கைத்திறமை காசுள்ளவங்களுக்கு மட்டும் சொந்தமா?

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இரண்டுதான். அலமாரியில் ஒரு தட்டு கொடுங்கள். பழுதுபார்த்த மாடலுக்கும் ஒரு பரிசு வையுங்கள். இந்த வருஷம் ஒரு ஸ்டேஷன் போதும். அடுத்த வகுப்பு நடைமேடை சேர்க்கட்டும், அதற்கடுத்த வகுப்பு ரயில்வே கேட் சேர்க்கட்டும். சிறு துரும்பும் பல் குத்த உதவும். நம்ம அட்டைத் துண்டு உதவாதா?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி