முறை வைப்பது வேறு. விலை வைப்பது வேறு!

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். வாடும் நாற்றுக்கு முதலில். தாங்கும் பயிருக்குப் பிறகு. இதை யாரும் அநியாயம் என்பதில்லை. ஆனால், தலைமடைப் பண்ணையார் பணத்தை வீசி மதகைத் தன் பக்கமே திறந்து வைத்துக் கொண்டால், கடைமடைக்காரன் சும்மா இருப்பானா?

இன்டர்நெட்டிலும் இதே கேள்விதான். செல்போனில் நாம் பேசும் பேச்சு, பார்க்கும் படம், அனுப்பும் கடிதம் எல்லாம் சிறு சிறு பொட்டலங்களாகி ஒரே பாதையில் ஓடுகின்றன. நெரிசல் மிகுந்தால் சில பொட்டலங்கள் காத்திருக்க வேண்டும். கடிதம் இரண்டு வினாடி தாமதித்தால் நஷ்டமில்லை. சினிமாவையும் முன்கூட்டிச் சேமித்து ஓட்டலாம். பேச்சு அரை வினாடி தடைப்பட்டாலே முறிந்துவிடும். ஆகவே பேச்சுக்கு முதலிடம் தருவது நியாயமே.

ஆனால் கம்பெனிகள் விரும்பியது வேறு. 2015 ஏப்ரலில் ஏர்டெல் ஒரு திட்டம் அறிவித்தது: ஆப் நடத்துபவர் பணம் கட்டினால், ஜனங்கள் அதை இலவசமாகப் பார்க்கலாம். பேஸ்புக்கோ 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்ற பெயரில், தன் நிபந்தனைக்கு உட்பட்ட தளங்களை மட்டும் இலவசமாகத் தர முன்வந்தது. பணமில்லாத சிறு பத்திரிகையும் சங்கமும் எங்கே போவது?

ஜனங்கள் மயங்கவில்லை. டிராய்க்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. பார்க்கும் விஷயத்தைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8-ல் டிராய் தடை விதித்தது. வேகத்திலும் பாரபட்சம் கூடாது என்பதை 2018-ல் சர்க்கார் லைசென்ஸ் நிபந்தனையாக்கியது. நியாயமான நெரிசல் நிர்வாகத்துக்கும் சில விசேஷ சேவைகளுக்கும் விலக்கு உண்டு.

இத்துடன் உறங்கிவிடலாமா? அமெரிக்காவைப் பாருங்கள். 2015-ல் வந்த விதியை 2017-ல் ரத்து செய்தார்கள். 2024-ல் மீண்டும் போட்ட உத்தரவை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. இங்கும் பெரிய தளங்கள் நெட்வொர்க் செலவில் பங்கு தர வேண்டும் என்று டெலிபோன் கம்பெனிகள் கேட்டு வருகின்றன. செலவில் பங்கு கொடுப்பவன் நாளை வேகத்திலும் பங்கு கேட்க மாட்டானா?

விலக்கு என்ற சந்து வழியாகத்தான் மோசடி நுழையும். எந்தப் போக்குவரத்தை, எப்போது, எதற்காகப் பின்தள்ளினோம் என்று கம்பெனிகள் பகிரங்கமாகக் கணக்குக் காட்ட வேண்டும். விசேஷ சேவைக்கென்று சாதாரண ஜனங்களின் பங்கில் கை வைக்கக் கூடாது. கூலி பாங்கியில் விழுந்ததா என்று பார்ப்பவனும் கோடீஸ்வரனும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

தேவையைப் பார்த்து முறை வையுங்கள். மடிச்சீலையைப் பார்த்து அல்ல!