பத்தில் ஒருவன்

ஆங்கிலத்தில் 'டெஸிமேட்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. கொள்ளை நோயோ பஞ்சமோ ஓர் ஊரில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனால், அது ஊரை டெஸிமேட் செய்துவிட்டது என்று எழுதுவார்கள். எழுதிய மை உலருவதற்குள் ஒரு பண்டிதர் விரலை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார். "தப்பு ஐயா! லத்தீனில் 'டெஸெம்' என்றால் பத்து. 'டெஸிமுஸ்' பத்தாவது. 'டெஸிமாரே' என்றால் பத்தில் ஒருவனைக் கொல்வது. பாதி ஊர் செத்ததற்கு இந்த வார்த்தையைப் போடலாமோ?" 1870-ல் ரிச்சர்ட் கிராண்ட் வொயிட் என்ற அமெரிக்கர் தம் புத்தகத்தில் இந்தப் பிரயோகத்தைக் கண்டித்தார். கண்டனம் இன்னும் ஓயவில்லை.

வேர் தெரிந்தால் சொல் தெரிந்துவிட்டது என்கிற இந்த மமதையோடுதான் எனக்குச் சண்டை. டிஸம்பரும் அதே 'டெஸெம்' கொடுத்த பெயர்தான். பண்டிதர் அதைப் பன்னிரண்டாவது மாதமாகப் பாவித்துச் சம்பளம் வாங்கிக்கொள்ளத் தயங்குவதில்லை. நாம் மண்ணெண்ணெய் என்கிறோம். அதில் எள்ளும் கிடையாது, நெய்யும் கிடையாது. விளக்கு எரியாமலா போயிற்று?

ஆங்கிலத்தின் சரித்திரமாவது இவர்கள் பக்கம் பேசுகிறதா என்றால், அதுவும் இல்லை. 1655-ல் கிராம்வெல்லின் அரசாங்கம், மன்னர் கட்சிக்காரர்களின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வரியாகப் பிடுங்கியது. அதற்கும் 'டெஸிமேஷன்' என்றே பெயர். ஒரு தலைகூட உருளவில்லை. பெருவாரியாக அழிப்பது என்ற அர்த்தமும் அதே நூற்றாண்டில் வந்துவிட்டது. வொயிட் பேனாவை எடுத்தபோது அதற்கு வயது இருநூறு!

சரி, வேரையே தோண்டுவோம். ஸ்பார்டகஸின் அடிமைகளிடம் தோற்று ஓடிவந்த ரோமச் சிப்பாய்கள் 500 பேரைக் கிராஸுஸ் பத்துப் பத்தாக 50 கூட்டமாக நிறுத்தினான். கூட்டத்துக்கு ஒருவனைச் சீட்டுப் போட்டு எடுத்துக் கொன்றான் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். கோழை யார், வீரன் யார் என்று சீட்டுக்குத் தெரியாது. பழைய முறையைப் பொலிபியுஸ் விவரிக்கிறார். சீட்டு விழுந்தவனைச் சாகடிப்பது எதிரி அல்ல, கூட இருந்த சிப்பாய்களே, தடியால் அடித்தே. மிஞ்சியவர்களுக்குக் கோதுமையை நிறுத்திவிட்டு வாற்கோதுமை அளப்பார்கள். அரணுக்கு வெளியே, காவலில்லாத இடத்தில் கூடாரம் போட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனையையும் படித்துவிட்டு ஒருவர் பத்து என்ற எண்ணை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்தால், அவரை நான் பண்டிதர் என்று எப்படிச் சொல்வேன்? கணக்குப்பிள்ளை என்றால் பொருந்தும். தளபதிக்கு அந்த ஐம்பது பிணங்களால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. உயிரோடு நிற்கும் நானூற்றைம்பது பேரின் நடுக்கம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. இது ரோமாபுரியோடு ஒழிந்த சமாசாரமும் அல்ல. 1917 ஜூலையில் இத்தாலியில் கத்தன்ஸாரோ படைப்பிரிவு கலகம் செய்தபோது, சிலரைச் சீட்டுப் போட்டே பொறுக்கிச் சுட்டார்கள்.

ஆகையால், பாதி ஊர் போனாலும், முக்கால் ஊர் போனாலும் இந்த வார்த்தையைத் தாராளமாகப் போடலாம் என்பது என் கட்சி. 'முழுக்க டெஸிமேட் ஆயிற்று, ஒருவர்கூட மிஞ்சவில்லை' என்று யாராவது எழுதினால் மட்டும் நானும் பண்டிதரோடு சேர்ந்து கூச்சல் போடுவேன். அவர் பத்தை எண்ணிக்கொண்டு கத்துவார். நான், வாற்கோதுமையை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் எங்கே என்று கேட்பேன்.