தனிமரம் தோப்பாகாது



பங்குத் திருவிழாவையொட்டி ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரங்கள் வழங்குகிறோம். அவற்றுள் எத்தனை அடுத்த திருவிழாவரை ஓடுகின்றன என்று நாம் கேட்டதுண்டா? துணி வாங்க முதல் இல்லை. தைத்ததை விற்க வழி தெரியவில்லை. கணக்கு எழுதக் கற்றுத்தருவாரும் இல்லை. சில மாதங்களில் இயந்திரம் அடகுக் கடைக்குப் போகிறது. உடனே அந்தப் பெண்ணைக் குறை சொல்கிறோம். குற்றம் அவளுடையதன்று, கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்ட நம்முடையது.

இக்குறைக்கு வழி கண்ட குரு ஒருவரை நினைவுகூர்வோம். 1939-இல் உள்நாட்டுப் போர் முடிந்து, ஸ்பெயின் வறுமையில் வாடிய காலம். 1941-இல் அருட்தந்தை ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா, பாஸ்க் மலைநாட்டின் சிற்றூராகிய மோந்த்ராகோனுக்கு உதவிக் குருவாக வந்தார். அவர் முதலில் எழுப்பியது தொழிற்சாலையன்று, பள்ளிக்கூடம். ஊராரிடமே பொருள் திரட்டி, 1943-இல் தொழிற்பள்ளியைத் திறந்தார். 13 ஆண்டுகள் கழிந்தன. 1956-இல் அவர்தம் மாணவர் ஐவர், உழைப்பவரே உரிமையாளராகும் பட்டறையைத் தொடங்கி, மண்ணெண்ணெய் அடுப்புகள் செய்தனர்.

பட்டறைகள் பெருகவே முதலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஊராரின் சேமிப்பைக் கொண்டு வங்கி தொடங்கலாம் என்றார் குரு. மாணவரே தயங்கினர், அவர் விடவில்லை. 1959-இல் பிறந்த அவ்வங்கி, கடன் கொடுப்பதோடு நிற்கவில்லை. புதுத் தொழில் தொடங்குவோருடன் அமர்ந்து, சந்தையை ஆராய்ந்து, தொழில் நிலைபெறும்வரை உடன் நடந்தது. பள்ளி ஆளைத் தந்தது. வங்கி முதலைத் தந்தது. பட்டறை தன் இலாபத்தில் ஒரு பகுதியைக் கல்விக்கும் ஊருக்கும் திருப்பித் தந்தது.

துன்பமும் வராமலில்லை. அம்முதற் பட்டறையின் வழிவந்த ஃபாகோர் வீட்டுச் சாதனத் தொழிலகம் 2013-இல் நொடித்தது. உறுப்பினர் பலர் தாம் இட்ட முதலை இழந்தனர். ஆயினும் வேலையிழந்தோருள் பலரைச் சகோதரக் கூட்டுறவுகள் ஏற்றுக்கொண்டன. இன்று அக்கூட்டுறவுகளில் ஏறத்தாழ 70,000 பேர் உழைக்கின்றனர். 1976-இல் மறைந்த அக்குருவை, 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

நம்மிடம் பணமில்லை என்கிறோம். ஆனால் தைக்கத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். கணக்கறிந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் இருக்கிறார். மகளிர் குழுவின் சேமிப்பு இருக்கிறது. ஆண்டுதோறும் சீருடை தைக்கக் கொடுக்கும் பள்ளியும் இருக்கிறது. நால்வரும் ஒரே கோயிலில் திருப்பலி காண்கின்றனர். ஒருவர் தேவையை மற்றவர் அறியார். வரும் திருவிழாவில் ஐந்து இயந்திரங்களுக்குப் பதில் இரண்டே கொடுப்போம். ஆனால் அதற்குமுன் அந்நால்வரையும் ஓரிடத்தில் கூட்டுவோம்.

ஐந்து அப்பங்களைப் பகிர்ந்தளிக்குமுன் ஆண்டவர் செய்தது என்ன? மக்களை நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் அமரச் செய்தார். புதுமை அதன் பின்னரே நிகழ்ந்தது. அமரச் செய்யும் வேலையையாவது நாம் செய்யலாகாதா?