குஸ்தி கோதாவில் கதைப் பஞ்சம்

அமெரிக்கத் தொலைக்காட்சிக் குஸ்தியில் வெற்றி தோல்வி முன்பே எழுதி வைத்ததுதான். ரசிகனுக்கும் அது தெரியும். அவன் காசு கொடுப்பது கதைக்காக. அந்தக் கதைக்குத்தான் இப்போது பஞ்சம்.

1995ல் டெட் டர்னரின் டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம், வின்ஸ் மக்மஹானின் 'ரா' நிகழ்ச்சிக்கு எதிரே அதே திங்கட்கிழமை இரவில் கடை விரித்தது. தொடர்ந்து 83 வாரங்கள் மக்மஹான் பின்தங்கினார். பிழைப்புக்கே ஆபத்து என்றதும் சரக்கு புதிதாக வந்தது. முதலாளியை எதிர்த்து நிற்கும் முரட்டு ஆளாக ஸ்டீவ் ஆஸ்டின் கொடிகட்டிப் பறந்தார். 2001 மார்ச்சில் மக்மஹான் எதிரியையே விலைக்கு வாங்கினார். போட்டி ஒழிந்தது, புதுமையும் ஒழிந்தது.

மற்ற விளையாட்டுகளுக்கு ஓய்வுப் பருவம் உண்டு. இதற்கோ வாரம் தவறாமல் தீனி வேண்டும். 2012ல் 'ரா' 3 மணி நேரமாக நீட்டப்பட்டது. ரோமன் ரெயின்ஸ் 2020 முதல் 2024 வரை 1,316 நாட்கள் பட்டத்தை வைத்திருந்தார். தோற்கும் நிலை வந்தால் உறவுக்காரர்கள் ஓடி வந்து காப்பாற்றுவார்கள். முதல் ஆண்டு அது சுவைத்தது, பிறகு புளித்துவிட்டது.

ஆயினும் கல்லா நிரம்புகிறது. 2025 முதல் 10 ஆண்டுகளுக்கு நெட்பிளிக்ஸ் தருவது 500 கோடி டாலருக்கும் மேல். வரும்படி முன்பே உறுதியானபின் கதைக்காக யார் மெனக்கெடுவார்? இந்தியாவிலும் 2025 ஏப்ரலில் நிகழ்ச்சி சோனியை விட்டு நெட்பிளிக்சுக்குப் போயிற்று. கேபிளில் பார்த்தவர் இனி தனிச் சந்தா கட்ட வேண்டும்.

வீரர்களோ காண்டிராக்ட் ஆட்கள். நிரந்தர ஊழியர் அல்லர். எழுதித் தந்த வசனம் பிடிக்காதவர் போய்ச் சேர, 2019ல் ஏ.இ.டபிள்யூ. தோன்றும்வரை அமெரிக்காவில் ஈடான வேறு கம்பெனி இல்லை.