கை பழகினால் விஷம் பழகுமா?

அண்மையில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ஒருவரின் பணி நிறைவு விழாவுக்குப் போயிருந்தேன். பொன்னாடை, மாலை, வாழ்த்துரை என்று எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. அவருடைய பழைய மாணவர் ஒருவர், இன்று வேறொரு கல்லூரியில் துறைத் தலைவர், மைக்கைப் பிடித்தார். "சார் பிப்பெட்ல ஆசிட்டை வாயாலதான் உறிஞ்சுவார். ஒரு நாளும் கையுறை போட்டு நான் பாத்ததில்ல. இத்தனை வருஷத்துல அவர் மேல ஒரு கீறல் விழுந்ததில்ல. அதுக்குப் பேருதான் அனுபவம். இந்தக் காலத்துப் பிள்ளைங்க தண்ணியத் தொடுறதுக்குக்கூட கையுறை கேக்குதுங்க" என்றார். அரங்கம் கைதட்டியது. முதலாமாண்டு மாணவிகளும் சேர்ந்து தட்டினார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தொழில் தெரிந்தவனை ரசாயனம் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறது, சாயப்பட்டறையில் இருக்கிறது, பேட்டரிக் கடையில் இருக்கிறது. "கை பழகிடுச்சு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாத ஆளை அங்கெல்லாம் பார்ப்பது அரிது. இது பச்சைப் பொய். உயிரைக் குடிக்கிற பொய்.

கேரன் வெட்டர்ஹான் என்ற பெயரை அந்த மேடையில் இருந்த எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் டார்ட்மத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் அவர். நச்சு உலோகங்கள் உடம்புக்குள் போய் என்ன கேடு செய்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியே. இந்தத் துறையில் அனுபவசாலி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்ல வேண்டும். 1996 ஆகஸ்ட் 14 அன்று, என்.எம்.ஆர். கருவியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக டைமெத்தில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மத்தை எடுத்தார். நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட்டுக்குள் வைத்துத்தான் எடுத்தார். கையில் லேட்டக்ஸ் உறை இருந்தது. பிப்பெட் நுனியிலிருந்து ஒன்றிரண்டு சொட்டு கையுறையின் மேல் விழுந்தது. துடைத்தார், உறையைக் கழற்றினார், கையைக் கழுவினார், வேலையைப் பார்க்கப் போனார். எரிச்சல் இல்லை, கொப்புளம் இல்லை. நம்முடைய துறைத் தலைவர் சொன்னாரே, அந்தக் கீறல்கூட இல்லை.

ஐந்து மாதம் கழித்து நடை தள்ளாடியது. பேச்சு குழறியது. 1997 ஜனவரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். சாதாரணமாக ஒரு லிட்டருக்கு 1 முதல் 8 மைக்ரோகிராம் பாதரசம் இருக்கலாம். 200 வந்தாலே நச்சு என்பார்கள். அவருடைய ரத்தத்தில் 4000 இருந்தது. சில வாரங்களில் நினைவிழந்தார். ஜூன் 8 அன்று இறந்துபோனார். வயது 48. பிறகு சோதித்தபோதுதான் தெரிந்தது, அந்தத் திரவம் லேட்டக்ஸ் உறையை 15 வினாடிக்குள் கடந்துவிடும் என்று.

"கையுறை போட்டும் செத்துத்தானே போனார், அப்புறம் கையுறை எதற்கு?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அவரும் படித்தவர்தான். ஐயா, அந்தப் பொருளுக்கு அந்த உறை போதாது என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும். உள்ளே பல அடுக்கு பிளாஸ்டிக் உறை, அதன் மேல் நியோப்ரீன் உறை, அதுவும் வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்று இன்று சொல்கிறார்கள். அந்த அறிவு வந்ததே வெட்டர்ஹான் செத்ததால். உலோக நஞ்சையே படித்த வெட்டர்ஹானுக்கு, ஃப்யூம் ஹூட்டுக்குள் உறை போட்டு வேலை செய்த வெட்டர்ஹானுக்கு, இந்த முடிவு. வெறுங்கையோடு நிற்கிற உங்களுக்கு அனுபவம் என்ன கவசம் மாட்டிவிட்டிருக்கிறது?

"இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே" என்பது இவர்களுடைய ஒரே சாட்சி. செப்டம்பர் மாதம் வெட்டர்ஹானைக் கேட்டிருந்தால் அவரும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்லியிருப்பார். அக்டோபரில் கேட்டிருந்தாலும் அதையேதான். விஷம் தன் கணக்கை நம் வசதிக்கு முடிப்பதில்லை. பென்சீன் ரத்தப் புற்றைக் கொண்டுவரப் பல வருஷம் எடுத்துக்கொள்ளும். கண்ணாடிக் குடுவை கழுவ நாம் குரோமிக் ஆசிட் வைத்திருந்தோமே, அதிலிருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். உடம்புக்குள் போன குரோமியம் என்ன செய்கிறது என்று கண்டு சொன்னவர்களில் முக்கியமானவர் அதே வெட்டர்ஹான்தான். நம்முடைய ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததே, அதுவும் இந்தக் குரோமியம்தான். ஆலை ஓடியபோது அங்கேயும் "பழகிப்போச்சு" என்று சொன்னவர்கள் இருந்திருக்க மாட்டார்களா?

பழக்கம் காப்பாற்றாது. சில இடங்களில் பழக்கமே ஆளைக் கொல்லும். பழைய சால்ட் அனாலிசிஸ் வகுப்பை நினைத்துப் பாருங்கள். மூலையில் கிப்ஸ் அப்பரேட்டஸ், அதற்குள் இரும்பு சல்ஃபைடு, மேலே ஆசிட். குழாயைத் திறந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை நாற்றம் வராண்டாவரை அடிக்கும். புதிதாக வரும் பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடும். "கொஞ்ச நேரத்துல பழகிடும்" என்று சொல்லி உள்ளே கூப்பிடுவார்கள். ஆமாம், பழகிவிடும். அந்த வாயு கூடக்கூட மோப்ப நரம்பு வேலை செய்யாமல் போகும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவில் சில நிமிடங்களிலேயே நாற்றம் தெரியாமல் போய்விடும். நாற்றம் நின்றுவிட்டதென்று உள்ளே இருப்பவர் நிம்மதியடைகிற நேரத்தில்தான் ஆபத்து முற்றியிருக்கும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் மனிதர்களைக் கொல்வதும் இதே வாயு. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக்கூடாது என்று 2013இல் சட்டமே வந்தது. இன்னமும் இறக்குகிறார்கள். "அவனுக்கு இது பழகின வேலை" என்று மேலே நின்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

இந்த நம்பிக்கையால் பெரியவர்கள் தங்களை மட்டும் கெடுத்துக்கொண்டால்கூட நான் இவ்வளவு பேச மாட்டேன். வெறுங்கையைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்கிறார்கள். 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில், கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில், 23 வயதுப் பெண் ஒருவர் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருள் அது. சிரிஞ்சின் தண்டு கழன்று வந்தது. உடம்பில் லேப் கோட் இல்லை. செயற்கை இழை ஸ்வெட்டர் இருந்தது. தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடந்து 2009 ஜனவரி 16 அன்று இறந்தார். கோட்டு போடாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று ஒருவர் கதவை மறித்து நின்றிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருக்கக்கூடும். அப்படி நிற்கிறவரைத்தான் நாம் பயந்தாங்கொள்ளி என்கிறோம். அமிலத்தை வாயால் உறிஞ்சுகிறவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம்.

இந்த அலட்சியம் ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்களையும் விடுவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் வருஷக்கணக்காகச் சும்மா கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவியை 2010 பிப்ரவரியில் ஏலம் விட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி பழைய இரும்புக் கடையில் அதை உடைத்தார்கள். எந்த உலோகத்தையும் பிரித்தெடுக்கத் தெரிந்த, நன்றாகப் பழகின கைகள் அவை. ஒருவர் இறந்தார், பலர் கதிர்வீச்சால் புண்பட்டார்கள். ஏலம் விட்டது படித்தவர்கள். செத்தது இரும்புக் கடைத் தொழிலாளி. சிவகாசிப் பக்கம் பட்டாசு மருந்து கலக்கும் அறையிலும் இதே கதைதான். வெடித்த மறுநாள் பேப்பரில் "உராய்வினால் விபத்து" என்று வரும். உராய்வு தானாக வந்ததா? அளவுக்கு மேல் மருந்தைக் குவித்து, அளவுக்கு மேல் ஆளை உட்காரவைத்து, "அனுபவமுள்ள ஆட்கள்தான், பார்த்துக்குவாங்க" என்று விட்டது யார்? அனுபவம் என்கிற சொல்லை வைத்துக்கொண்டு முதலாளி செலவை மிச்சம் பிடிக்கிறார்.

கல்லூரிகளும் அதைத்தான் செய்கின்றன. கல்லூரியைத் தரமதிப்பிடும் நாக் குழு வருகிறதென்றால் புதுக் கோட்டு, புதுக் கண்ணாடி, சுவரில் பளபளக்கும் விதிப் பலகை. குழு போனதும் எல்லாம் பீரோவுக்குள். ஃப்யூம் ஹூட்டின் விசிறி ஓடாது. உள்ளே பழைய பாட்டில்கள் அடுக்கியிருக்கும். லேபிள் உரிந்த பாட்டிலில் என்ன இருக்கிறதென்று கேட்டால் லேப் அட்டெண்டரைக் கூப்பிடுவார்கள். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துச் சொல்வார். அவருக்குத் தரப்படும் சம்பளத்தையும் பாருங்கள், அவர் மோந்து பார்க்கும் பொருளையும் பாருங்கள்.

பிப்பெட்டுக்கு மாட்டும் ரப்பர் பல்ப் பெரிய விலையில்லை. துறைத் தலைவர்களே, அடுத்த பருவம் தொடங்குவதற்குள் மேசைக்கு ஒன்று வாங்கிப் போடுங்கள். கண் கழுவும் குழாயை நீங்களே திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். எந்த ரசாயனத்துக்கு எந்த உறை என்ற பட்டியலை ஒட்டி, அந்த உறையை வாங்கி வையுங்கள். அட்டெண்டருக்கும் சேர்த்து வாங்குங்கள். பணம் இல்லை என்று நிர்வாகம் சொன்னால், இவை வராமல் பிராக்டிகல் வகுப்பு நடக்காது என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுங்கள்.