நானே ஒட்டினேன் என்று சொல்லாதீர்கள்

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. காரைப் பற்றி இல்லை. அவர்கள் அடிக்கடி சொல்கிற ‘நானே’ என்ற சொல்லைப் பற்றி. கார்புரேட்டரை நானே கழற்றினேன், சீட்டை நானே தைத்தேன், கூரையை நானே ஒட்டினேன். போன கோடையில் நானும் அப்படிச் சொன்னவன்தான். அதனால் இந்தச் சண்டையில் முதல் அடி எனக்கே.

என்னுடையது 1986ஆம் வருஷத்து பிரீமியர் பத்மினி. எங்கள் ஆம்பூரில் அதை யாரும் பத்மினி என்று சொல்வதில்லை, எல்லாருக்கும் ஃபியட்தான். எஞ்சின் நன்றாக இருந்தது. கூரைதான் போய்விட்டிருந்தது. அந்தக் காலத்தில் ஃபியட்டும் அம்பாசிடரும் வைத்திருந்தவர்களில் சிலர் ஒரு கெத்துக்காக இரும்புக் கூரையின் மேல் கறுப்பு வினைல் ஒட்டிக்கொண்டார்கள். குஷன் கடைகளில் அதற்கு ரெக்சின் என்று பெயர். என் வண்டியில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பின்கண்ணாடி ஓரத்தில் கிழிந்து, பொரித்த அப்பளம் மாதிரி கிடந்தது. புதிதாக ஒட்டப்போகிறேன் என்றதும் தெருவில் வந்த முதல் கேள்வி: “தோல் ஊர்ல இருந்துக்கினு ரெக்சினாடா ஒட்டுவ?”

நியாயமான கேள்விதான். பதிலும் எளிது. கூரையில் தோலை ஒட்டினால் மழையில் ஊறி, வெயிலில் விறைத்து, வெடித்துவிடும். ஆனால் கேள்விக்குள் இருந்த கிண்டல் சரியானது. இந்த வினைல் கூரை என்பதே நகலின் நகல். குதிரை வண்டிகளுக்கு மடக்கும் கூரை இருந்தது. பிறகு கார்களில் கான்வாஸ் கூரை வந்தது. அறுபதுகளில் அமெரிக்கக் கம்பெனிகள் மடக்கவே முடியாத இரும்புக் கூரையின் மேல் வினைலை ஒட்டி, மடக்குகிற கூரை மாதிரி காட்டின. ஃபோர்டு 1962இல் விட்ட தண்டர்பேர்டு லேண்டோவில் கூரையின் இரண்டு பக்கமும் வளைந்த கம்பி ஒன்று இருக்கும். கோச்சு வண்டியில் கூரையை மடக்க உதவிய கம்பி அது. காரில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது, அழகுக்கு நிற்கிறது. ரெக்சின் கதையும் இப்படித்தான். அது ஒரு பொருளின் பெயரே அல்ல, இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் பிராண்டுப் பெயர். துணியின் மேல் ரசாயனப் பூச்சு பூசி, தோலின் வரிகளை அச்சாக அழுத்தித் தோல் என்று நம்ப வைத்தார்கள். இன்று அதே இடத்தில் பி.வி.சி. இருக்கிறது. பெரிய நகரத்துக் கடையில் அதற்கு ‘வீகன் லெதர்’ என்று பெயர் வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். முன்கண்ணாடி, பின்கண்ணாடி இரண்டையும் பீடிங்கோடு கழற்ற வேண்டும். ஓரப் பட்டிகளைக் கழற்ற வேண்டும். பழைய வினைலை உரிக்க ஹீட் கன் வாங்கச் சொல்வார்கள். எங்கள் ஊருக்கு மே மாத மதியம் போதும், கூரை தோசைக்கல்லாகிவிடும். உரித்தேன். அடியில் துரு. ஓரப் பட்டி க்ளிப்புக்காகப் போட்ட துளைகளின் வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மேலே வினைல் மூடியிருந்ததால் அது காயவே இல்லை. நல்ல வெயிலில் நின்ற வண்டி, உள்ளுக்குள் ஈரத்தோடு பல வருஷம் நின்றிருக்கிறது. துவரம்பருப்பு அளவுக்கு ஏழெட்டு இடத்தில் ஓட்டை.

டிங்கரிங் வேலை தெரிந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “பட்டி போட்டு அடச்சிடு தம்பி. மேல ரெக்சின் வரப்போவுது, எவன் பாக்கப்போறான்?” என்றார். நான் கேட்கவில்லை. உப்புத்தாள் போட்டு இரும்பின் நிறம் தெரியும்வரை தேய்த்தேன். ஓட்டைகளுக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொன்னேன். பிறகு பிரைமர், பெயின்ட். மூன்று வாரம் போனது. நேர்மையான வேலை செய்கிறோம் என்று எனக்குள் பெருமையாக இருந்தது.

அப்புறம் ஒட்டும் வேலை. இங்கேதான் தோற்றேன். இரும்பிலும் வினைலின் துணிப்பக்கத்திலும் பசை தடவி உடனே ஒட்டினேன். பத்து நிமிஷத்தில் கொப்புளம். வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார்.

“இன்னாடா நைனா, சொல்யூஷன் தடவனதும் ஒட்டுவாங்களா? காய உடு. பொறங்கையால தொட்டுப் பாரு. கையில ஒட்டக் கூடாது, ஆனா பிசுக்குனு இருக்கணும். அப்ப ஒட்டு. ஒட்டிக்கிச்சுன்னா ஒட்டிக்கிச்சு, அப்புறம் நகராது.”

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு, கூரை குளிர்ந்திருக்கும்போது, அம்மா சொன்னபடி மறுபடி ஆரம்பித்தோம். கூரை நடுவில் சாக்பீஸால் கோடு. துணியில் அதே நடுக்கோடு. பாதியை மடித்துப் போட்டு, மற்ற பாதிக்கு மட்டும் பசை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். காற்று நின்றால் கொப்புளம், அவசரப்பட்டால் சுருக்கம். பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரை வளைந்து இறங்குகிற மூலைதான் எமன். அங்கே துணி மிஞ்சும். நான் இழுக்கப் போனேன், அம்மா கையைத் தட்டிவிட்டார். “இழுக்காத. மிஞ்சறத ஒரே எடத்துல சேக்காம பொடிப்பொடியா பங்கு போடு.” மூலையைக் கொஞ்சம் சூடு காட்டி, மிஞ்சியதை விரல் நுனியால் பகிர்ந்து பகிர்ந்து அழுத்தினார். கடைசியில் அந்த மூலையில் ஒரு சுருக்கம் இல்லை.

அம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பத்து வருஷம் ஷூ கம்பெனியில் டேபிள் வேலை. அப்பரின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி, மடித்து, சுத்தியால் தட்டுவது. நான் பிறந்த பிறகு வீட்டிலேயே கைத்தையல். மூட்டையாக அப்பர் வரும். மொக்காசின் ஷூவின் மூக்கில் சின்னச் சின்ன மடிப்பாக ஒரு தையல் பார்த்திருப்பீர்கள். நீளமான விளிம்பைக் குட்டையான விளிம்போடு இணைக்கும்போது, மிஞ்சுகிற தோலைச் சமமாகப் பங்கு போடுகிற தையல் அது. ஜோடிக் கணக்கில் கூலி. என் கார் மூலையில் அம்மா செய்தது, இருபது வருஷம் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து செய்த அதே காரியம்.

வேலை முடிந்ததும் நண்பர்களுக்குப் படம் அனுப்பினேன். கீழே எழுதியது: ‘நானே செய்தேன்.’ பாராட்டு குவிந்தது. ‘பேஷன்’ என்று ஒருவர். ‘உழைப்பின் ருசி’ என்று ஒருவர். மேத்யூ கிராஃபோர்டின் ‘ஷாப் கிளாஸ் அஸ் சோல்கிராஃப்ட்’ படித்த ஒருவர், கையால் செய்வதுதான் சிந்தனை என்று நீளமாக எழுதினார்.

கிராஃபோர்டு சொல்வதை நான் மறுக்கவில்லை. கையில் அறிவு இருக்கிறது, அதை அந்த மூலையில் கண்ணால் பார்த்தேன். ஆனால் அவர் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, ஒரு சிந்தனை மையத்து வேலையை உதறிவிட்டு மோட்டார் சைக்கிள் பட்டறை போட்டவர். உதறுவதற்கு அவரிடம் ஒரு வேலை இருந்தது. அந்த உதறலால்தான் அவர் கைக்கு மதிப்பு வந்தது. உதற ஒன்றுமே இல்லாத, கை மட்டுமே இருக்கிற ஆளின் கதையை யாரும் வாரக்கடைசியில் படித்து உருகுவதில்லை. திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளிகளைப் பற்றி டி. செல்வராஜ் ‘தோல்’ எழுதினார், 2012இல் சாகித்ய அகாதெமி விருதும் கிடைத்தது. நம்மில் எத்தனை பேர் அதை, நம் கைக்கும் சம்பந்தப்பட்ட புத்தகம் என்று நினைத்துப் படித்தோம்?

ஒரே பசை, ஒரே நெடி. ஞாயிற்றுக்கிழமை நான் தடவினால் பேஷன். அம்மா தடவினால் கூலி. நான் முகமூடி போட்டு, கதவைத் திறந்து வைத்து, தலை வலித்தால் எழுந்துபோய் டீ குடிக்கலாம். அம்மாவுக்குக் கம்பெனியில் இருந்த முகமூடி, அவருடைய முந்தானை. எனக்கு இந்த வேலையின் கறை நகக்கண்ணில் இருந்தால் அது அலங்காரம். தோலைத் தொட்ட கைகளை இந்த ஊர்ப்பக்கம் தலைமுறை தலைமுறையாக எங்கே நிறுத்தி வைத்தது, எந்தக் கிளாசில் டீ கொடுத்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இனி என் துருவைச் சொல்கிறேன். கல்லூரி விண்ணப்பத்தில் ‘தாயின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘இல்லத்தரசி’ என்று எழுதினேன். என் பஸ் பாஸ், பரீட்சைக் கட்டணம், முதல் போன் எல்லாம் அந்த மொக்காசின் மூக்கிலிருந்து வந்தவை. அப்படியும் எழுதினேன். கூடப் படிக்கிறவர்கள் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அதன் மேல் நல்ல கறுப்பாக ஒரு வினைல் ஒட்டிக்கொண்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால் நான் எழுதிய பொய்யைத்தான் அரசும் கம்பெனியும் எழுதுகின்றன. வீட்டில் தைப்பவரின் பெயர் ரிஜிஸ்டரில் இல்லை. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. வீட்டிலிருந்தே கம்பெனிக்கு வேலை செய்பவர்களுக்காக 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. அதே 1996 ஆகஸ்டில், வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில், தோல் கழிவால் கெட்ட பாலாற்றுப் படுகைக்காக, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. ஆறு தேறியதா என்பது வேறு கதை. ஆற்றின் பெயராவது ஒரு காகிதத்தில் ஏறியது.

‘அப்படியானால் நாங்கள் கையே வைக்கக் கூடாதா, கடையில் கொடுத்துவிட வேண்டுமா?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. வையுங்கள். ஒரு மூலையை ஒட்டிப் பார்க்காமல் அதன் விலை தெரியாது. நான் அதற்குமுன் குஷன் கடையில் முந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசியவன். இனி பேச மாட்டேன், பேச வாய் வராது. கையால் வேலை செய்வதன் உண்மையான பலன் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்: அடுத்தவர் கைக்குக் குறைத்துக் கொடுக்கக் கூசுவது. அந்தக் கூச்சம் வரவில்லை என்றால் நீங்கள் செய்தது வெறும் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கில் தப்பில்லை, அதைத் தத்துவம் என்று சொல்லாதீர்கள். யாரிடம் கற்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அம்மாவோ, குஷன் கடைக்காரரோ, பட்டறைப் பையனோ, நாம் சொல்லும் ‘நானே’ என்ற சொல்லுக்கு அடியில் ஒருவர் இருக்கிறார்.

படத்துக்கு வந்த பாராட்டுகளை அன்று ராத்திரி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். என்னைப் பற்றி எழுதியிருந்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார், உண்மையாகவே. பிறகு, “எத்தினி பேரு பாத்துக்கிறாங்க?” என்றார். முந்நூறு பேர் என்றேன்.

“பரவால்லியே. நான் தச்சத எத்தினி பேரு போட்டுக்கினு நடக்கறாங்களோ, ஒருத்தரு மூஞ்சி தெரியாது” என்று சொல்லிவிட்டு, சாப்பாடு எடுத்து வைக்கப் போனார்.

படத்துக்குக் கீழே எழுதியதை அன்றே மாற்றினேன். இப்போது அங்கே அம்மாவின் பெயர் இருக்கிறது. அதற்கு இதுவரை நான்கு பேர்தான் பதில் எழுதியிருக்கிறார்கள்.