காலத்துக்கும் உழைக்கும் தோசைக்கல்லை விற்றால் கடை ஓடுமா?

2025 செப்டம்பர் 22 முதல் இரும்பு, எவர்சில்வர், செம்புப் பாத்திரங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ‘ஒருதடவை வாங்கினா போதும்’ என்று இன்ஸ்டாவில் பாத்திரக்கடை தொடங்குபவர்களுக்கு நல்ல சேதிதான். ஆனால், இந்தத் தொழிலின் சிக்கல் வரியில் இல்லை.

பூச்சு உரிகிற நான்-ஸ்டிக் தவா வாங்கியவர் சில வருஷத்தில் திரும்ப வருவார். வார்ப்பிரும்புக் கல் வாங்கியவர்? அவர் மகள் கல்யாணத்துக்குத்தான் வருவார். பொருளின் லாபத்தை மட்டும் நம்பினால் வாடகைகூடத் தேறாது.

பழைய பாத்திரக்கடைக்காரர்களுக்கு இது அத்துப்படி. பழசை எடைக்கு எடுத்துக்கொண்டு புதுசில் கழிப்பார்கள், பித்தளைக்கு ஈயம் பூச ஏற்பாடு செய்வார்கள், சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டித் தருவார்கள். வாங்கியவர் மறுபடி கடை ஏற ஒரு காரணம் இருந்துகொண்டே இருக்கும். ‘பழக்கிய’ கல்லுக்கு இப்போது கூடுதல் விலை வைப்பதும் இதே கணக்கு. எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குகிற வேலைக்குத்தான் அந்தக் காசு.

உள்ளூரில் விற்பனை மந்தமானால் வெளிமாநில ஆர்டர் மீது கண் போகும். அங்கேதான் உஷார். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரைதான். பெங்களூருவுக்கு ஒரே ஒரு கல் அனுப்பினாலும் பதிவு கட்டாயம். 1 சதவீத வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. போதாக்குறைக்கு, கூரியர்காரர் எடை பார்த்துத்தான் காசு கேட்பார்.